பெரியேரி முனியப்பன் புத்தர் என்றால், நாங்கள் இத்தனை நாள் கும்பிட்டது யாரை?

பெரியேரிப் பேரன்

எங்கள் குலதெய்வம் தலைவெட்டி முனியப்பன். சேலத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பெரியேரியில் இருக்கும் அந்தச் சிலை முனியப்பனே இல்லை, புத்தர் என்று 2011இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் தொல்லியல் துறையைப் பார்த்துச் சொல்லச் சொன்னது. சம்மணமிட்ட நிலை, மடியில் தியானத்தில் வைத்த கைகள், சுருள் சுருளான முடி, நீண்டு தொங்கும் காது, எல்லாமே புத்தருக்கு உரியவை, துண்டான தலையைப் பிற்பாடு ஒட்டவைத்திருக்கிறார்கள் என்று அறிக்கை வந்தது. 2022 ஜூலையில் தீர்ப்பு: இது புத்தர்தான், அறநிலையத் துறை இனி முனியப்பனாக நடத்தக் கூடாது, தொல்லியல் துறை பொறுப்பில் எடுத்துப் புத்தர் என்று பலகை வைக்க வேண்டும், மக்கள் வந்து பார்க்கலாம், பூஜை கூடாது.

செய்தியைப் படித்தபோது சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்பாவுக்கு ஏழெட்டு வயதில் விஷக்காய்ச்சல். அப்பாயி அந்தச் சிலைக்கு முன்னால் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தாராம். விடிந்ததும் அப்பா கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டார். எங்கள் குடும்பத்தின் மொத்த பக்தியும் அந்த ஒரு டம்ளர் கஞ்சியின் மேல்தான் நிற்கிறது. அன்றைக்கு அப்பாயி பேச்சைக் கேட்டது யார்? முனியப்பன் என்றால் அங்கே அவர் இல்லையே. புத்தர் என்றால் அவர் வரம் கொடுக்கிற ஆள் இல்லையே. யாருமே கேட்கவில்லை, காய்ச்சல் தானாக இறங்கியது என்றால், அந்த ராத்திரிக்கு என்ன பெயர்?

கல்லூரியில் நான் நாத்திகம் பேசினவன். இப்போது கேட்டால் "தெரியாது" என்பேன். வீட்டில் மதில்மேல் பூனை என்கிறார்கள். நண்பர்கள் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள். வரும் ஆடியில் மகளுக்கு மொட்டையடித்துக் காது குத்த வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறார். உண்டு, இல்லை, தெரியாது, இந்த மூன்றில் புத்தியுள்ளவன் எதில் நிற்கலாம்? திட்டாமல் பேசுங்கள்.

தட்டுவடை

துண்டு போட்டு இடம் பிடித்தாயிற்று. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். அதற்குள் யாரும் கடவுளைத் தீர்த்துக்கட்டிவிடாதீர்கள்.

குகைக்காரன்

தம்பி, கேள்வியிலேயே பதிலை வைத்துவிட்டு எங்களைக் கேட்கிறீர்கள்.

எங்கள் அப்பா கூத்துக்காரர். சாமி நம்பிக்கை துளியும் கிடையாது. ஆனால் ஆடி வந்தால் குகை வண்டி வேடிக்கையில் சிவன் வேஷம் அவருக்குத்தான். மத்தியானமே உட்காரவைத்து நீலம் பூச ஆரம்பிப்பார்கள். வண்டி நகரும்போது பெண்கள் கைக்குழந்தையைத் தூக்கி நீட்டுவார்கள், தொட்டு ஆசீர்வாதம் பண்ணச் சொல்லி. அவரும் தொடுவார். ராத்திரி வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் தொட்டு நீலத்தைத் துடைத்துக்கொண்டே, "இன்னைக்கு எத்தன கொழந்தைக்கு காச்சல் எறங்கியிருக்கும்டா?" என்று கேட்டுச் சிரிப்பார். சில குழந்தைகளுக்கு இறங்கித்தான் இருக்கும். காய்ச்சல் பெரும்பாலும் இறங்குகிற சரக்கு. இறங்காத வீட்டுக்காரர்கள் அடுத்த வருடம் வந்து வண்டிச் சக்கரத்தைப் பிடித்து ஏன் என்று கேட்பதில்லை. கேட்டிருந்தால் கணக்கு சரியாக இருந்திருக்கும்.

முனியப்பனா புத்தரா என்பது இங்கே விஷயமே இல்லை. சிலையின் பெயர் மாறியும் "பலன்" மாறவில்லை என்றால், பலனுக்கும் சிலைக்கும் சம்பந்தம் இல்லை. அவ்வளவுதான்.

உண்டு என்கிறவர்தான் காட்ட வேண்டும். கஞ்சமலையில் இரும்புத் தாது உண்டு என்றார்கள். ஆராய்ந்தார்கள், இருந்தது, நம்புகிறோம். அதே மலைக்கு அடியில் தங்கத்தேர் ஒன்று ஓடுகிறது, எந்தக் கருவிக்கும் அகப்படாது, நெருங்கினால் விலகிவிடும் என்று நான் சொன்னால் "தெரியாது, இருந்தாலும் இருக்கலாம்" என்பீர்களா? போடா என்பீர்கள். கடவுளுக்கு மட்டும் என்ன சலுகை? நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது 1944 ஆகஸ்டில் இதே சேலத்தில்தான். இந்த ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சம் வேண்டாம்.

தறிச்சத்தம்

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. அம்மாபேட்டை. குகைக்காரன் தம்பி நன்றாகப் பேசுகிறார், ஆனால் நம்புகிறவர்களெல்லாம் யோசிக்காமல் நம்பினார்கள் என்பதுபோல் ஒலிக்கிறது. அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கண்ணால் கண்டது மட்டுமே உண்மை என்கிற கட்சி நமக்குப் புதிதல்ல. மணிமேகலையில் சமயக்கணக்கர் ஒவ்வொருவராக வந்து தங்கள் கொள்கையைச் சொல்லும் இடத்தில் பூதவாதி ஒருவன் வருகிறான். ஐம்பூதம் கூடினால் உணர்வு பிறக்கும், பிரிந்தால் போகும், காட்சி ஒன்றே சான்று என்கிறான். மணிமேகலை சிரித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்: உன் தாய் தந்தையை நீ எப்படி அறிந்தாய்? அனுமானத்தால்தானே? நீ பிறந்ததை நீ பார்க்கவில்லையே!

இத்தனைக்கும் அவள் கடவுளுக்காக வாதாடவில்லை. அவள் பௌத்தம் தேடி வந்தவள். காணாததை எல்லாம் இல்லை என்று தள்ளினால் வாழவே முடியாது என்பதற்காகச் சொன்னாள். பிறகு 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் எழுதிய அருணந்தி சிவம், பிற கொள்கைகளை எடுத்து மறுக்கும் பகுதியான பரபக்கத்தைத் தொடங்குவதே, காண்பதே உண்மை என்கிற உலகாயதன் கட்சியை எடுத்து வைத்துத்தான். எதிராளியை முதலில் பேசவிட்டு அப்புறம் மறுக்கிற மரபு அது. குடம் இருந்தால் குயவன் உண்டு, உலகம் குடத்தைப் போல உண்டான பொருள், ஆகவே அதைச் செய்தவன் உண்டு என்று தர்க்க மரபினரான நையாயிகர்கள் வாதம் கட்டினார்கள். பிடிக்கிறதோ பிடிக்கவில்லையோ, இது நியாயமான யோசனை இல்லை என்று எப்படிச் சொல்வது?

குகைக்காரன்

டீச்சர், வணக்கம். குயவன் வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. குடம் என்றால் குயவன் என்று நமக்கு எப்படித் தெரியும்? பல குடங்களையும் பல குயவர்களையும் பார்த்திருக்கிறோம். என் அம்மா அப்பாவை அனுமானிப்பதும் அப்படித்தான், ஊரெல்லாம் பிரசவம் நடக்கிறதைப் பார்க்கிறோம். உலகங்கள் உண்டாவதை யார் வரிசையாக நின்று பார்த்தார்கள்? இருப்பது ஒன்று. ஒன்றை வைத்துப் பழக்கம் கட்ட முடியாது. ஸ்காட்லாந்தின் தத்துவவாதி ஹ்யூம் 18ஆம் நூற்றாண்டில் சொன்ன மறுப்பு இது.

அதற்கு வெகு காலம் முன்பே நம் பக்கத்திலும் மறுத்தவர்கள் உண்டு. வேதத்தைத் தலையில் வைத்துக்கொண்டாடிய மீமாம்சகர் குமாரிலபட்டர், உலகைப் படைத்த ஈசுவரன் என்று ஒருவன் வேண்டியதில்லை என்று வாதிட்டவர். வேதம் உண்டு, யாகம் உண்டு, படைத்தவன் மட்டும் இல்லை! நம்பிக்கைக் கட்சி ஒரே கட்சி இல்லை, டீச்சர். உள்ளே ஆயிரம் கோஷ்டி.

தட்டுவடை

வந்துவிட்டேன். பூண்டு சட்னி காரம் கண்ணில் நிற்கிறது. கோஷ்டி என்றதும் ஏதோ தேர்தல் பேச்சு என்று நினைத்தேன். தொடருங்கள்.

மிளகுக்கொடி

ஏற்காட்டிலிருந்து. எங்களுக்கு ஐந்து ஏக்கருக்குக் கொஞ்சம் கூட, காப்பியும் சில்வர் ஓக்கில் ஏற்றிய மிளகும். வாதம் செய்யத் தெரியாது, பார்த்ததைச் சொல்கிறேன்.

காப்பிக்காரனுக்கு வருடத்தில் ஒரு மழை முக்கியம். பங்குனி சித்திரை வாக்கில் வரும் பூமழை. செடியில் மொட்டு பச்சரிசி மாதிரி கணுவுக்குக் கணு ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். ஒரு நல்ல மழை அடித்தால் எட்டு, பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகும். வாசம் மல்லிகைக்குக் கிட்டத்தில் வரும். மூன்று நாளில் பூ வாடிவிடும். அதற்கப்புறம் பின்மழை ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் பிஞ்சு நிற்காது. முதல் மழையே தூறலோடு நின்றுபோனால் மொட்டு பாதி விரிந்தும் விரியாமலும் கருகும். அந்த மொட்டை விரலில் நசுக்கினால் தூளாக உதிரும். அந்த வருடம் கடன்தான்.

அப்பா காலத்தில் மழை தள்ளிப்போனால் சேர்வராயன் கோவிலுக்குப் போவோம். மலை உச்சி, 5,300 அடிக்கு மேல். குகைக்குள் குனிந்து போக வேண்டும், உள்ளே சில்லென்று இருக்கும். அப்பா டைரி எழுதுகிறவர். எந்தத் தேதியில் கும்பிட்டோம், எந்தத் தேதியில் எவ்வளவு மழை, எல்லாம் இருக்கிறது. அவர் போன பிறகு ஒரு ராத்திரி அந்த டைரிகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். கும்பிட்ட வருடமும் பொய்த்திருக்கிறது, கும்பிடாத வருடமும் பெய்திருக்கிறது. எந்த ஒழுங்கும் இல்லை. ஆனால் அப்பா வாய்விட்டுச் சொல்லி நாங்கள் கேட்டதெல்லாம் கும்பிட்டுப் பெய்த வருடங்கள் மட்டும்தான். பொய் சொல்லவில்லை. அவர் கையாலேயே மற்றதையும் எழுதி வைத்திருக்கிறார். ஞாபகத்தில் மட்டும் அது நிற்கவில்லை.

இப்போது கிணற்றில் தண்ணீர் இருக்கிற வருடம் ஸ்பிரிங்க்ளர் போட்டு நாங்களே பூமழை கொடுக்கிறோம். சாமி வேலையை மோட்டார் பார்க்கிறது. இருந்தும் மோட்டாரைப் போடுமுன் அதற்கு விபூதி வைத்துச் சூடம் காட்டுகிறேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சூடம் காட்டாமல் போட்டால் மோட்டார் ஓடாது என்று நான் நினைக்கவில்லை. ஓடும்.

குகைக்காரன்

மிளகுக்கொடி அண்ணன் டைரிக்கு ஒரு கும்பிடு. எல்லோர் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால் பாதி சண்டை தீர்ந்தது.

பெரிய அளவிலும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. ஒரு பிரிவினருக்காகப் பிரார்த்தனை செய்தார்கள், இன்னொரு பிரிவினருக்குச் செய்யவில்லை, எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்று இருவருக்கும் தெரியாது. பின்விளைவு வந்தவர்கள் 52 சதவீதம், 51 சதவீதம். மூன்றாவது பிரிவிடம் "உங்களுக்காகப் பிரார்த்திக்கிறோம்" என்று உறுதியாகச் சொன்னார்கள். அவர்களில் 59 சதவீதம்! நமக்காகப் பிரார்த்தனை நடக்கிற அளவுக்கா நிலைமை மோசம் என்று பயந்தார்களோ என்னவோ.

தறிச்சத்தம்

தம்பி, கடவுள் என்ன மின்விசிறியா, சுவிட்சைப் போட்டு ஓடுகிறதா என்று பார்க்க? அழைத்தால் வந்தே தீர வேண்டும் என்றால் அது வேலைக்காரன்.

குகைக்காரன்

சரி டீச்சர். அப்படியானால் அந்தக் கஞ்சி டம்ளரையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. நடந்தால் அருள், நடக்காவிட்டால் சோதிக்கிறது தப்பு என்று இரண்டு பக்கமும் ஆட முடியாதே.

தறிச்சத்தம்

ஒப்புக்கொள்கிறேன். சேர்க்கக் கூடாதுதான். கஞ்சியை வைத்து நம்புகிறவர்கள், கஞ்சி கிடைக்காத அன்றைக்கு என்ன செய்வார்கள் என்று நானும் யோசித்திருக்கிறேன். என் நம்பிக்கை அதன்மேல் இல்லை. எதன்மேல் என்று கேட்டால் சட்டென்று சொல்லவும் வரவில்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

இரவுப்பணி

செவிலியர். ஊர், ஆஸ்பத்திரி எதுவும் சொல்ல மாட்டேன். குழந்தைகள் வார்டு, பல வருடம்.

குழந்தையைச் சேர்த்த முதல் நாளே தாய்மார்கள் மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து கட்டில் காலில் கட்டிவிடுவார்கள். சிலுவை, தாயத்து எல்லாமும் உண்டு. துடைக்க வருகிறவர்கள் அவிழ்த்துவிடக் கூடாது என்று நானே காவல் இருப்பேன். எட்டாவது கட்டிலில் ஒரு பெண் குழந்தை, ரத்தப் புற்று. பதினோரு நாள் இருந்தாள். அவள் போனபின் அந்த அம்மா எல்லாப் பொருளையும் எடுத்துக்கொண்டு கடைசியாகக் குனிந்து முடிச்சை அவிழ்த்தார். பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியிருந்தது, அவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருந்தார். காசை என் கையில் கொடுத்து, கோட்டை மாரியம்மன் உண்டியலில் போட்டுவிடும்மா, வேண்டிக்கிட்டது என்றார்.

எல்லாம் வல்ல ஒருவர், எல்லாம் அறிந்த ஒருவர், அன்பே உருவான ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று என்னால் நம்ப முடியவில்லை. கர்மவினை என்று யாராவது இங்கே எழுதினால் தயவுசெய்து அந்தக் குழந்தைக்கு வயது நான்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆனால் அந்த அம்மாவிடம் போய் "நீங்கள் நம்புவது அறிவுக்கு ஒத்ததல்ல" என்று சொல்லவும் எனக்கு வாய் வராது. காசை உண்டியலில் போட்டேன்.

சங்ககிரி சிங்கம்

இதெல்லாம் திட்டமிட்டு நம் மதத்தை மட்டும் கேவலப்படுத்துகிற இழை. 1971இல் இதே சேலத்தில் நடந்தது மறந்துவிட்டதா? அந்த மாநாட்டுக் கும்பலின் வாரிசுகள்தானே

நெறியாளர்

மேலே உள்ள பதிவின் மீதிப் பாதியை நீக்கியிருக்கிறேன். 1971 ஜனவரியில் இங்கே நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டைப் பற்றிப் பேச தனி இழை உண்டு, ஏற்கெனவே 400 பதிவு தாண்டி அங்கே எல்லோரும் களைத்துப் போயிருக்கிறார்கள். இங்கே தலைப்போடு நில்லுங்கள்.

வகுத்தல் மீதி

கணக்கு வாத்தியார். செவிலியர் அக்காவின் பதிவுக்குப் பிறகு எதை எழுதினாலும் லேசாகத்தான் தெரியும். இருந்தாலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது.

1997 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த நாமக்கல்லின் நாமகிரித் தாயார்தான் கணித மேதை ராமானுஜன் வீட்டுத் தெய்வம். சூத்திரங்களைத் தாயார் கொடுத்ததாக அவர் சொல்வார். அவரை உலகத்துக்குக் காட்டிய ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டி வெளிப்படையான நாத்திகர். ஒருவர் கனவில் வந்ததைச் சொல்ல, இன்னொருவர் "நிரூபணம் எங்கே" என்று கேட்க, இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள், சண்டை வரவில்லை. ஏன் தெரியுமா? ஒரு தேற்றம் எங்கிருந்து வந்தது என்பது வேறு, அது சரியா என்பது வேறு. முதலாவதை ஹார்டி கேட்கவே இல்லை.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. 1913இல் ராமானுஜன் அனுப்பிய கடிதத்தில் பகா எண்களைப் பற்றிச் சொன்ன சில முடிவுகள் தப்பு. தாயார் கொடுத்ததாகச் சொல்லும் வரிசையில் தப்பானதும் இருந்தது, உலகத்தில் யாருமே நினைத்துப் பார்க்காத சரியானதும் இருந்தது. பிரித்துக் காட்டியது நிரூபணம். நம்பிக்கை அவருக்கு அடுப்பு மாதிரி இருந்தது, தராசு மாதிரி இல்லை. (ஹார்டியோ, எல்லா மதங்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு உண்மை என்றே ராமானுஜன் தன்னிடம் சொன்னதாக எழுதியிருக்கிறார். அவரவர் தங்களுக்குப் பிடித்த ராமானுஜனை எடுத்துக்கொள்கிறோம்.)

பண்ணவாடிக்கரை

மேட்டூர்ப் பக்கம், கிறிஸ்தவக் குடும்பம். 1934இல் அணை கட்டி முடித்தபோது மூழ்கிய ஊர்களில் எங்கள் முன்னோர் ஊரும் ஒன்று. தண்ணீர் நன்றாக இறங்கின வருடம் பண்ணவாடியில் நின்றால் மூழ்கிப்போன சர்ச் கோபுரமும் தெரியும், ஜலகண்டேஸ்வரர் கோவில் நந்தியும் தெரியும். சின்ன வயதில் பரிசலில் போய் நந்தியின் முதுகில் கை வைத்திருக்கிறேன், பாசி வழுக்கும். இரண்டு சாமியையும் ஒரே தண்ணீர்தான் மூடியது, மனுஷன் முடிவு செய்து மூடிய தண்ணீர்.

நான் நம்புகிறவன். பாஸ்கல் என்ற பிரெஞ்சுக்காரர் 17ஆம் நூற்றாண்டில் சொன்னது எனக்கு எப்போதும் சரியாகப் படும். கடவுள் உண்டு என்று வைத்து வாழ்ந்து, இல்லை என்று ஆனால் நட்டம் கொஞ்சம். இல்லை என்று வாழ்ந்து, உண்டு என்று ஆனால் நட்டம் கணக்கில்லாதது. பந்தயம் எந்தப் பக்கம் கட்டுவது?

குகைக்காரன்

எந்த கவுண்டரில் கட்டுவது என்பதுதான் சிக்கல், அண்ணே. இழையைத் தொடங்கியவரையே எடுத்துக்கொள்ளுங்கள். முனியப்பன் கவுண்டரில் மூன்று தலைமுறையாகச் சீட்டு வாங்கியிருக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தது புத்தர்! தப்பான சாமியைக் கும்பிட்டால் கோபப்படுகிற சாமியும் உண்டு, யாரையுமே கும்பிடாமல் யோக்கியமாக இருந்தவனுக்கே பரிசு என்கிற சாமியும் இருக்கலாம். பந்தயம் கட்ட முதலில் குதிரை எத்தனை என்று தெரிய வேண்டும்.

பண்ணவாடிக்கரை

ஹா ஹா. அடித்துவிட்டீர்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போவேன்.

தறிச்சத்தம்

நேற்று சொன்னேனே, எதன்மேல் நம்பிக்கை என்று. ராத்திரி யோசித்தேன்.

மாரியம்மனை அம்மை நோயின் பயம் உண்டாக்கியது என்பார்கள். இருக்கட்டும். பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று 1980 மே மாதம் அறிவித்தாகிவிட்டது. ஒழித்தது தடுப்பூசி, வேப்பிலை இல்லை, எனக்கும் தெரியும், கையில் தழும்பு இருக்கிறது. அந்தப் பயம்தான் காரணம் என்றால் கோட்டை மாரியம்மன் ஆடிக் கூட்டம் அன்றோடு கலைந்திருக்க வேண்டும். கலையவில்லையே. ஆக, அங்கே போகிறவர்கள் போவது மருந்துக்காக மட்டும் இல்லை. நான் போவதும் ஒன்றைக் கேட்பதற்காக இல்லை. கும்பிட்டு முடித்துப் பிராகாரத்தில் உட்கார்ந்திருக்கும்போது, என் வாழ்க்கை முழுக்க நான் சம்பாதித்தது இல்லை, பெரும்பாதி கொடுக்கப்பட்டது என்று ஒரு எண்ணம் வரும். கொடுத்தது யார் என்று நிரூபிக்க எனக்குத் தெரியாது. நன்றி சொல்ல ஒரு முகம் வேண்டியிருக்கிறது. இது வாதம் இல்லை, தம்பி. இரவுப்பணி அம்மா கேட்டதற்கும் என்னிடம் விடை இல்லை. நான்கு வயதுக் குழந்தைக்கு வினையைச் சொல்கிற அளவுக்கு என் மனது கெட்டுப்போகவில்லை.

குகைக்காரன்

கூட்டம் கலையாததை நான் வேறுமாதிரிப் படிப்பேன். காரணம் போனபின்பும் நிற்கிறது என்றால், ஆரம்பத்திலிருந்தே அது சான்றைப் பார்த்து நின்றதில்லை. ஆனால் டீச்சர், நன்றி சொல்ல முகம் வேண்டும் என்பதை மறுக்க எனக்கு ஆசை இல்லை. எனக்கும் சில சமயம் வேண்டியிருக்கிறது. நான் அப்பா போட்டோவைப் பார்த்துச் சொல்வேன். சிவன் வேஷத்தில் எடுத்தது.

பெரியேரிப் பேரன்

எல்லாவற்றையும் படித்தேன். என் பக்கத்தையும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

"தெரியாது" என்பதற்கு ஆங்கிலத்தில் அக்னாஸ்டிக் என்று பெயர் வைத்தவர் ஆங்கிலேய உயிரியலாளர் ஹக்ஸ்லி, 1869இல். டார்வினும் 1879இல் ஒரு கடிதத்தில் தன் மனநிலைக்கு அந்தச் சொல்தான் பொருந்தும் என்று எழுதினார். பயந்தாங்கொள்ளிகளின் பட்டியல் இல்லை இது. தங்கத்தேர் உதாரணம் எனக்கு முழுதாக ஒட்டவில்லை. மழையைக் கொடுக்கிற, காய்ச்சலை இறக்குகிற சாமியைத் தங்கத்தேர் மாதிரிக் கேட்கலாம், மிளகுக்கொடி டைரியில் பதிலும் இருக்கிறது. அந்தச் சாமி விஷயத்தில் நான் "இல்லை" பக்கம்தான், "தெரியாது" என்று ஒளிந்துகொள்ளவில்லை. எல்லாம் வல்ல அன்பு வடிவம் என்றால் எட்டாவது கட்டிலைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ஆனால் ஏன் எதுவுமே இல்லாமல் போகாமல் ஏதோ ஒன்று இருக்கிறது என்று கேட்டால், அங்கே தேரும் இல்லை, துளை போட்டுப் பார்க்க மலையும் இல்லை. அங்கே எனக்குத் தெரியாது. ஒரே "தெரியாது"வை எல்லா இடத்திலும் போட்டு மூடிக்கொண்டிருந்தேன், இந்த இழையில்தான் அது உறைத்தது.

புத்தரும் அப்படித்தானே? விஷ அம்பு தைத்தவன், எய்தவன் யார், உயரம் என்ன, வில் எந்த மரம் என்று விசாரித்துக்கொண்டிருந்தால் செத்துப்போவான் என்றார். எங்கள் குலதெய்வமே தெரியாதுக் கட்சி என்று பெருமைப்பட்டேன்.

தறிச்சத்தம்

தம்பி, ஒரு சின்னத் திருத்தம். அந்த அம்புக் கதையைப் புத்தர் சொன்னது மாலுங்கியபுத்தன் என்ற சீடருக்கு. அவர் கேட்ட கேள்விகளில் உலகம் நித்தியமா, முடிவுள்ளதா, ததாகதர் (புத்தர்) இறந்தபின் இருப்பாரா என்பவைதான் வரும். கடவுள் உண்டா என்பது அந்தப் பட்டியலில் இல்லை. படைத்தவன் விஷயத்தில் பிற்காலப் பௌத்தர்கள் மௌனமாகவும் இருக்கவில்லை. தர்மகீர்த்தி போன்றவர்கள் ஈசுவரனை மறுத்தே வாதிட்டார்கள். உங்கள் குலதெய்வம் குகைக்காரன் கட்சிக்குத்தான் கிட்டத்தில் இருக்கிறார்.

குகைக்காரன்

டீச்சர், இப்போதுதான் எனக்கு ஒரு குலதெய்வம் கிடைத்தது.

தட்டுவடை

சரி, தத்துவம் போதும். மொட்டை என்ன ஆயிற்று?

வகுத்தல் மீதி

அதுதான் உண்மையான கேள்வி. மனசுக்குள் "தெரியாது" என்று எத்தனை வருடம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். குழந்தை தலையில் பாதி மொட்டை அடிக்க முடியாது. 1877இல் கிளிஃபோர்ட் என்பவர், போதிய சான்று இல்லாமல் எதையும் நம்புவது எப்போதும் எவருக்கும் தப்பு என்றார். 1896இல் அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் அதற்குப் பதில் சொன்னார்: சில முடிவுகளில் காத்திருப்பதும் ஒரு முடிவுதான். அடிக்காமல் விட்டால் அதுவும் "இல்லை" பக்கம் போட்ட ஓட்டு.

குகைக்காரன்

அடியுங்கள் தம்பி. சாமிக்கு என்று வேண்டாம், வெயிலுக்கு நல்லது என்று அடியுங்கள். ஆனால் ஒன்று: மகள் வளர்ந்து ஏன் அடித்தீர்கள் என்று கேட்டால், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். முனியப்பன் கேட்டார் என்று சொல்லாதீர்கள்.

பெரியேரிப் பேரன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

அப்பாயிக்கு 88 வயது. காது கொஞ்சம் மந்தம், புத்தி மந்தமில்லை. தீர்ப்பு விஷயத்தை இதுவரை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. நான் உட்கார்ந்து சொன்னேன். புத்தர் யார் என்று கேட்டார். ராஜா வீட்டுப் பிள்ளை, பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிப் போனவர் என்றேன். "கைப்புள்ளைய வுட்டுட்டா?" என்றார். ஆமாம் என்றேன். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. வெற்றிலையை இடித்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "உங்கப்பனுக்குக் காச்ச வந்தன்னிக்கி உங்க தாத்தன் ஊர்ல இல்ல. அங்க ஒக்காந்தா ஒரு ஆளு கூட ஒக்காந்திருக்கற மாதிரி இருந்துச்சு. அதுக்குத்தான் போனேன்" என்றார். காய்ச்சல் இறங்கியதைப் பற்றி அவர் பேசவே இல்லை. கஞ்சிக் கதையை ஊதிப் பெரிதாக்கியது நாங்கள்தான் போலிருக்கிறது.

பெரியேரிக்குப் போகவில்லை. பூஜை கூடாது என்று சொன்ன இடத்தில் போய் நின்று வம்பு வேண்டாம் என்று அப்பாவே சொல்லிவிட்டார். வீட்டு மொட்டை மாடியில் வைத்துக்கொண்டோம். என் மச்சான் மடியில் உட்காரவைத்து, அப்பாயி முதல் முடியை எடுத்துக் கொடுக்க, நாவிதர் அடித்தார். பாதி அடிக்கும்போது மகள் எழுந்து ஓடிவிட்டாள். வகுத்தல் மீதி சார் சொன்ன அந்தப் பாதி மொட்டையோடு பத்து நிமிடம் மாடியைச் சுற்றினாள். போட்டோ இருக்கிறது, போட மாட்டேன்.

அம்மா சூடம் காட்டும்போது கும்பிடு என்றார். நான் கும்பிட்டேனா என்று என்னைக் கேட்காதீர்கள். கை கூப்பியிருந்தது.

இரவுப்பணி

சந்தனம் குழைத்துத் தடவும்போது காது குத்தின இடத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சீழ் வைக்கும். ஒரு வாரத்துக்கு வெயிலில் விடாதீர்கள். காதில் சிவந்து வீங்கினால் டாக்டரிடம் காட்டுங்கள்.